நாய் ஆறுதல் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

சித்திரை மதியம். செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில், அதாவது நடுமுற்றத்தின் ஓரத்தில், புது மெத்தை விரித்திருக்கிறது. நாய் அதை விட்டு இறங்கி, ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் அடிவயிறு முழுக்க ஒட்டும்படி பின்னங்கால் இரண்டையும் நீட்டிக் குப்புறக் கிடக்கிறது. "இவ்வளவு காசு போட்டு வாங்கியும் தரையிலதான கெடக்கு" என்று மறுபடி மெத்தைக்கு இழுத்து விடுகிறார்கள். பத்து நிமிடத்தில் அது திரும்பவும் தரைக்கு வந்துவிடும்.

வரத்தான் செய்யும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி உடம்புச் சூட்டை இறக்க அதற்கு முக்கியமாக இருப்பது இரண்டு வழி: நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது, முடி குறைந்த அடிவயிற்றைக் குளிர்ந்த பரப்பில் வைப்பது. தோட்டத்து மாமரத்தடியைத் தோண்டிப் படுப்பதும் இதற்காகத்தான். வெப்பமான மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, கீழே ஈரமாக இருக்கும் மண்ணைத் தேடுகிறது.

துணியைச் சப்புவது, காலை நக்குவது, கட்டிலடியில் ஒடுங்குவது, நம் காலிலேயே சாய்ந்து நிற்பது, நாம் கழற்றிப்போட்ட சட்டையின் மேல் படுப்பது எல்லாம் ஆறுதல் தேடும் பழக்கங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சூடோ வலியோ பயமோ தனிமையோ இருக்கும். சில சமயம் வெறும் சுகம் மட்டுமே இருக்கும். அது எது என்று பார்க்காமல் பழக்கத்தை அடக்குவது ஒரு தவறு. "அதுக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்று பார்க்காமலே விட்டுவிடுவது அதே அளவு பெரிய தவறு.

தரையும் மெத்தையும்

வெயில் காலத்தில் தரையைத் தடுக்காதீர்கள். ஆனால் ஆண்டு முழுக்கத் தரை மட்டுமே போதும் என்றும் விடக்கூடாது. லேப்ரடார், கிரேட் டேன் போன்ற கனமான நாய்களும், சிப்பிப்பாறை, கன்னி போன்ற சதைப்பற்று குறைந்த வேட்டை நாய்களும் கடினமான தரையில் தொப்பென்று விழுந்து படுக்கும்போது முன்னங்காலின் முழங்கை எலும்பு நேராகத் தரையில் இடிக்கும். முதலில் அந்த இடத்தில் முடி உதிரும். பிறகு தோல் கறுத்துத் தடித்துக் காய்ப்பு விழும். அதையும் கவனிக்காவிட்டால் உள்ளே நீர் கோத்து, தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி மெத்தென்று தொங்கும். ஹைக்ரோமா என்பது இதைத்தான். ஆரம்பத்தில் வலிக்காது என்பதால் பல வீடுகளில் கண்டுகொள்வதில்லை. இன்னும் சிலர் ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. குத்திய வழியாகக் கிருமி புகுந்தால் சீழ் வைத்து, பிறகு அறுவை சிகிச்சை வரை போகும். சிறிய வீக்கமாக இருக்கும்போதே படுக்கையை மாற்றினால் பெரும்பாலும் தானாக வற்றும்.

படுக்கைக்கு 4 அங்குலக் கனமுள்ள, கையால் அழுத்தினால் தரை தட்டுப்படாத ஃபோம் வேண்டும். கோடைக்கு அதைவிட நல்லது தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இழுத்துக் கட்டிய நாடாக் கட்டில். அடியில் காற்று போகும், முழங்கை இடிக்காது. மெத்தையை நாய் ஒதுக்குவது பெரும்பாலும் அதன் சூட்டினால்தான். நாடாக் கட்டில் கிடைத்தால் அதுவே விரும்பி ஏறிக்கொள்ளும்.

பளபளப்புக்காக எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் நாய்க்குக் கால் வழுக்கும். எழும்போது பின்னங்கால்கள் அகன்று சறுக்கினால், நாய் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும் ரப்பர் அடி வைத்த மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். ஃபினாயில் இன்னொரு தொல்லை. துடைத்த ஈரம் காயுமுன் நாய் வயிறு ஒட்டப் படுத்துவிட்டுப் பிறகு தன்னையே நக்கிக்கொள்ளும். தோல் சிவப்பதோடு அது வாய்வழியே உள்ளேயும் போகும். ஃபினாயில் போட்டால் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, காய்ந்த பிறகே நாயை விட வேண்டும்.

ஈரச் சாக்கு விரித்துக் கொடுப்பதில் தவறில்லை, வேண்டாமென்றால் அது எழுந்து போக முடிந்தால் சரி. ஈரத் துணியை மேலே போர்த்தி விடுவதுதான் கூடாது. சில நிமிடத்தில் துணி சூடாகி உடம்பு வெப்பத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும். தரையில் படுத்தும் இரைப்பு அடங்கவில்லை, ஈறு கருஞ்சிவப்பாகிவிட்டது, எச்சில் கயிறாக ஒழுகுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் சாதாரணக் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறிக்கு நேராக வைத்து, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊற்றாமல் முதலில் வண்டியைத் தேடுவதில் போகும் நேரம் உயிருக்கு ஆபத்து.

துணி சப்பும் நாய்

குட்டி தாயிடம் குறைந்தது 8 வாரம், அதாவது 56 நாள் இருக்க வேண்டும். 30, 35 நாளிலேயே வாங்கி வந்த குட்டிகள் போர்வை முனையைச் சப்பிக்கொண்டே முன்னங்காலால் மாற்றி மாற்றி மிதிப்பதைப் பார்க்கலாம். தாயிடம் பால் குடிக்கும்போது செய்த அதே அசைவு. வளர்ந்த பிறகும் சில நாய்கள் தூங்கப்போகுமுன் இதைச் செய்யும். கூப்பிட்டால் உடனே விட்டுவிட்டு வருகிறது, சோற்றை மறப்பதில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடித்துப் பிடுங்கினால் மறைவிடம் தேடிப்போய்ச் சப்பும், அப்போது எதை விழுங்கியது என்றே நமக்குத் தெரியாது. கூப்பிட்டும் விடாமல் மணிக்கணக்கில் சப்பினால் அது வேறு. டாபர்மேன் இனத்தில் போர்வையையோ தன் விலாவையோ இப்படிச் சப்புவது பரம்பரையாக வரும். 2010-இல் 7-ஆம் குரோமோசோமில் இதோடு தொடர்புள்ள ஓர் இடத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதைத் திட்டித் திருத்த முடியாது, மருத்துவம்தான் வழி.

சப்பக் கொடுக்கும் துணியில்தான் கவனம் வேண்டும். நைந்துபோன கண்டாங்கிச் சேலையைக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். பருத்தி, மெதுவானது, வீட்டு வாசனை ஊறியது. ஆனால் கரையோரம் நூல் பிரிந்து வரும். அந்த நூலை விழுங்கினால் ஒரு முனை எங்காவது சிக்கிக்கொள்ள, குடல் சுருக்குப்பை போலச் சுருங்கி, நூல் குடலை அறுக்கத் தொடங்கும். அதனால் கரையை வெட்டி எடுத்துவிட்டு, மடித்து, தலையணை உறைக்குள் வைத்து நான்கு பக்கமும் தைத்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள், அளவு குறைந்திருந்தால் தின்கிறது என்று பொருள். வாயிலோ மலத்துவாரத்திலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். இழுக்கும்போதுதான் குடல் கிழியும். வாந்தி, சாப்பாடு மறுப்பு, முதுகை வளைத்து நிற்பது இவற்றோடு சேர்ந்தால் அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணி என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்துருண்டை போட்டு வைத்த துணியில் நாப்தலின் ஊறியிருக்கும். நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கும். இரண்டு முறை துவைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, வாசனை முழுவதும் போன பிறகே கொடுங்கள். கொஞ்சமாவது வாசனை மிச்சமிருந்தால் அந்தத் துணி வேண்டாம்.

காலை நக்குவது

இதைத்தான் மிக எளிதாக 'போரடிக்குது போல' என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் எண்ணுங்கள்: ஒரு காலா, நான்கு காலா? ஒரே காலை நக்கினால் முள்ளைத் தேடுங்கள். சீமைக்கருவேலம் மண்டிய ஊர்கள் இவை. அந்த முள் பாதத்தில் ஏறி முனை ஒடிந்தால் வெளியே தெரியாது. நல்ல வெளிச்சத்தில் நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கிறதோ அங்கே பாருங்கள். உண்ணி ஒளிவதும் இதே இடுக்குகளில்தான். நான்கு கால்களையும் நக்கினால் ஒவ்வாமை, அல்லது மேலே சொன்ன ஃபினாயில். வெள்ளை முடியுள்ள நாய் என்றால் பாத முடி துருநிறமாக மாறியிருக்கும், அது எச்சில் கறை. அதைப் பார்த்தால் வாரக்கணக்கில் நக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே ஒரே இடத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கி, அது ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் உதவாது. கழுத்தில் கூம்பு மாட்டினால் நாக்குதான் எட்டாது, நக்கவைத்த காரணம் அப்படியே இருக்கும். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைத் தடவுவது இன்னும் மோசம். தடவியதை நாய் நக்கும், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். தன் உடம்பை விட்டுத் தரையையும் சுவரையும் ஓயாமல் நக்குகிற நாய்க்குக் குமட்டலோ வயிற்றுக் கோளாறோ இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயந்து ஒடுங்கும்போது

தீபாவளி வெடி, கல்யாண வீட்டு மைக் செட், மஞ்சுவிரட்டு நாள் கூட்டம். நாய் கட்டிலடிக்குப் போய்விடுகிறது. அதை வெளியே இழுத்து "ஒண்ணுமில்ல பாரு" என்று வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். நாய் தனக்காகக் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பையும் பறிப்பது இது. கடிபடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்னொரு பக்கம், "பயப்படும்போது தடவிக்கொடுத்தா பயம் பழகிடும்" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அது உண்மையல்ல. பயம் ஓர் உணர்ச்சி, பிஸ்கட் கொடுத்துப் பழக்கும் வித்தை அல்ல. 2015-இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதைக் காட்டினார்கள். உங்கள் அருகாமை அதற்கு உண்மையிலேயே மருந்துதான்.

ஆனால் இறுகக் கட்டிப்பிடிப்பது ஆறுதல் ஆகாது. 3 விநாடி நெஞ்சுப் பக்கம் தடவிவிட்டுக் கையை எடுங்கள். சாய்ந்து வந்தால் தொடருங்கள். உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பினாலோ பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதும்.

நம் பழைய வீடுகளில் இதற்கு அருமையான இடம் இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள உள் அறைகள், கனத்த சுவர், சிறிய சன்னல். தெருச் சத்தம் முகப்பையும் பட்டாலை என்னும் கூடத்தையும் தாண்டி வருவதற்குள் பாதி குறைந்துவிடும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அங்கே படுக்கை, தண்ணீர், நீங்கள் உடுத்திய துவைக்காத துண்டு ஒன்று வைத்து, தினமும் ஒருவேளைச் சோற்றை அங்கேயே கொடுங்கள். கதவை ஒருக்களித்து வையுங்கள், பூட்ட வேண்டாம். கைபேசியில் வெடிச் சத்தத்தை, நாய் காதை மட்டும் ஆட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரும் அளவுக்குச் சன்னமாக 5 நிமிடம் ஓடவிடுங்கள். சாப்பாட்டை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள். தீபாவளியன்று வெடிக்கத் தமிழக அரசு தந்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதை யாரும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை என்பதால், மாலை 5 மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் கைபேசி எண் கட்டாயம் இருக்கட்டும்.

வீட்டிலுள்ள பெரியவர்களின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். சில மயக்க மருந்துகள் நாயை அசையவிடாமல் செய்யும், பயத்தைக் குறைக்காது. உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே அமைதியாகக் கிடக்கும். பயம் குறைக்கும் மருந்துகள் தனியாக உண்டு. குறைந்தது இரண்டு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்து, சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நிழல்போல் பின்தொடர்வது

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் ஒரு நாயும் மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். நாய் அடுப்படிக்கும் வரும், கிணற்றடிக்கும் வரும். அதில் குறையில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய கைபேசி ஒன்றை வைத்துப் புறப்பட்ட முதல் 30 நிமிடத்தைப் படம் எடுங்கள். படுத்துத் தூங்கினால் கவலையில்லை. கதவைப் பிராண்டுவது, ஊளை, எச்சில் ஒழுகுவது இருந்தால் பயிற்சி வேண்டும்.

செருப்பைப் போட்டு, சாவியை எடுத்து, எங்கும் போகாமல் உட்காருங்கள். நாளைக்கு ஐந்தாறு முறை. நாய் தலை தூக்காத நிலை வந்ததும் கதவுக்கு வெளியே 5 விநாடி, 10 விநாடி, அரை நிமிடம் என்று நீட்டுங்கள். இரைக்கத் தொடங்கினால் நேரத்தைப் பாதியாக்குங்கள். துணைக்கு இரண்டாவது நாய் வாங்குவது பெரும்பாலும் பலிக்காது. அது தேடுவது மனிதத் துணையை. மூன்று நாள் கல்யாணத்துக்குப் போகும்போது சோறு வைத்துவிட்டுப் போகும் ஆளை மட்டும் ஏற்பாடு செய்யாமல், இரவு அங்கேயே படுக்கும் ஆளாகப் பாருங்கள். முனகும்போதெல்லாம் குழம்புச் சோற்றை வைத்துச் சமாதானப்படுத்துவதையும் விட வேண்டும். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும்.

கிழட்டு நாய் திடீரென்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கினால் அதைப் பாசம் கூடிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் மங்கியிருக்கலாம், காது அடைத்திருக்கலாம், மூட்டு வலிக்கலாம். மார்கழியில் குளிர்ந்த தரையை விட்டு அடுப்படி ஓரம் தேடுவது மூட்டு வலியால் இருக்கலாம். இரவில் சுவரைப் பார்த்து நிற்பது, வந்த வழி தெரியாமல் மூலையில் மாட்டிக்கொள்வது மூளை தளர்ந்ததன் அடையாளம். தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30-க்கு மேல் போனால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பாரசிட்டமால், இபுபுரூஃபன் என்று நம் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். படுக்கையை உங்கள் கட்டில் பக்கத்துக்கு மாற்றி, வளவில் ஒரு சின்ன விளக்கை விடிய விடிய எரியவிடுங்கள், தண்ணீருக்கு எழுந்து போகும்போது வழி தெரியும்.