ஃபிகான் இணைப்பு: விளக்கு எரிந்தும் வேகம் வராதது ஏன்?

மெயின்ஃபிரேமை (பெருங்கணினியை) வட்டுத் தொகுதியோடு ஃபைபர் வழியே இணைக்கும் முறை ஃபிகான். இரண்டுக்கும் நடுவே ஃபைபரைச் செருகியதும் பச்சை விளக்கு எரிகிறது, மெயின்ஃபிரேமின் தரவுப் பாதையான சேனலும் ஆன்லைனுக்கு வந்துவிடுகிறது. அதோடு வேலை முடிந்ததாக எண்ணுவது பெரிய தவறு. அறுந்துபோன இணைப்பை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இணைந்திருந்தும் இழுபறியாக ஓடும் இணைப்புதான் ஆளை அலைக்கழிக்கும்.

இதற்கு முக்கியமான காரணம் பஃபர் கிரெடிட். எதிர்முனையில் ஃபிரேமை, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தை, வாங்கி வைக்க இடம் உண்டு என்பதற்கான அனுமதி அது. ஒரு ஃபிரேம் கிளம்பினால் ஒரு கிரெடிட் குறையும். மறுமுனையிலிருந்து பதில் வந்தால்தான் அது திரும்பும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோவினாடி ஆகும். பேரிடர் மீட்பு மையம் 100 கிலோமீட்டரில் இருந்தால் போய்வர 1 மில்லிவினாடி. 8 ஜிகாபிட் வேகத்தில் 2 கிலோபைட் ஃபிரேம் ஒன்றை அனுப்ப ஏறத்தாழ 2.5 மைக்ரோவினாடி போதும். ஆகவே முதல் பதில் வந்து சேர்வதற்குள் 400 ஃபிரேம்களை அனுப்பிவிடலாம். கையில் 100 கிரெடிட்தான் என்றால், முக்கால்வாசி நேரம் லைன் சும்மா கிடக்கும்.

இந்தக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். ஃபிகானில் ஃபிரேம்கள் பெரும்பாலும் முழுதாக நிரம்பிப் போவதில்லை. சராசரி அளவு 1 கிலோபைட் என்றால் தேவை 800 ஆகிவிடும். ஏனென்றால், ஃபிரேம் சிறிதானாலும் பெரிதானாலும் ஒரு கிரெடிட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். வேகத்தை 16 ஜிகாபிட்டுக்கு ஏற்றிவிட்டு கிரெடிட்டைத் தொடாமல் விட்டால், போட்ட பணம் வீண். ஊகிக்கத் தேவையில்லை: மெயின்ஃபிரேமின் செயல்திறனை அளக்கும் ஆர்எம்எஃப் மென்பொருள் தரும் ஃபிகான் டைரக்டர் (ஃபிகான் ஸ்விட்ச்) அறிக்கையில் சராசரி ஃபிரேம் அளவும், கிரெடிட் இல்லாமல் ஃபிரேம் காத்திருந்த நேரமும் இருக்கின்றன. டைரக்டரில் மெயின்ஃபிரேம் அதனோடு பேச உதவும் சியுபி வசதியை இயக்காததால் இந்த அறிக்கையே கிடைக்காமல் போகும் இடங்களும் உண்டு. அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

அடுத்தது பழைய கேபிள். 1990இல் வந்த, ஃபிகானுக்கு முந்தைய எஸ்கான் முறைக்காகப் போட்ட 62.5 மைக்ரான் மல்டிமோட் (ஒளி பல வழிகளில் போகும்) கேபிள் 3 கிலோமீட்டர் வரை தாங்கியது. அதே கேபிளில் 8 ஜிகாபிட் ஷார்ட்வேவ் (குறுகிய அலைநீள) ஒளி 21 மீட்டர்தான் போகும். லாங்வேவ் (நீண்ட அலைநீள) ஒளியை மல்டிமோடில் செலுத்த உதவும் மோட் கண்டிஷனிங் பேட்ச் கார்டு (இணைப்பு வடம்) போட்டுச் சமாளிக்கும் வழி 1 ஜிகாபிட்டோடு சரி. லாங்வேவ் என்றால் 9 மைக்ரான் சிங்கிள்மோட் (ஒளி ஒரே வழியில் போகும்) கேபிளையே போடுங்கள்.

இரண்டு டைரக்டர்களைத் தொடுத்துக் கட்டும்போது எந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒரு பைட் லிங்க் முகவரி போதாது. ஸ்விட்சின் அடையாள எண்ணான டொமைன் ஐடியும் சேர்ந்த இரண்டு பைட் முகவரி வேண்டும். அந்த ஐடியை நிலையாகப் பூட்டாமல் விட்டால், ஸ்விட்ச் மறுதுவக்கத்தில் வேறு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மெயின்ஃபிரேமின் இணைப்புகளை வரையறுக்கும் எச்சிடியில் எழுதியிருக்கும் பாதைகள் அப்போது எழும்பாது.

வட்டுகளை நடத்தும் கட்டுப்பாட்டு அலகுக்கு எட்டுப் பாதைகள் வைத்திருந்தாலும், எட்டும் ஒரே குழாய் வழியே தெருவைக் கடந்தால் ஒரு பள்ளம் தோண்டும் இயந்திரம் போதும், எல்லாம் ஒன்றாகப் போகும். இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்குவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. இருவரும் ஒரே குழாயில் இடம் எடுத்திருக்கலாம். ஒப்பந்தத்துக்கு முன்பே இரண்டு பேரிடமும் வழித்தட வரைபடத்தை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.