சிபேப் குழாயைப் பூனை கடிக்காமல் பார்த்துக்கொள்ள

சிபேப் என்பது தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷின். அதன் குழாயில் பூனையின் பல் பட்ட ஓட்டை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மெஷினை ஓடவிட்டு, முகமூடி மாட்டும் முனையை உள்ளங்கையால் அடைத்து, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் காதருகே கொண்டுபோங்கள். 'உஸ்' என்றால் குழாயை மாற்றியே ஆகவேண்டும், டேப் தற்காலிகம்தான். சூடேற்றும் குழாய் என்றால் உள்ளே கம்பி ஓடுகிறது, கடிபட்டதை மறுபடி மாட்டாதீர்கள்.

காலையில் குழாயைக் கழற்றி, ஈரம் உலர்ந்ததும் இழுப்பறைக்குள் வையுங்கள். இரவில் தலைமாட்டுக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டால் 6 அடிக் குழாய் தரையில் புரளாது. ஜிப் வைத்த துணியுறையும் போடலாம். மின்வயரை பிவிசி பைப்புக்குள் விடுங்கள், பூனை வயரைக் கடித்தால்தான் உயிராபத்து.

எலுமிச்சை எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் தடவவே கூடாது: பூனைக்கு நஞ்சு, உங்கள் மூச்சிலும் கலக்கும். படுக்குமுன் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டி, பிறகு சாப்பாடு வையுங்கள்.