யூரியாவை வைத்து லூயிஸ் அமைப்பு வரையப் பழகலாம்

மன்னார்குடிப் பக்கம் குறுவைக்கு மேலுரம் போடும் நாட்களில், என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் சிலர் வயலில் இருந்து நேராக வருவார்கள். அதனால் லூயிஸ் அமைப்பை, அதாவது மூலக்கூறின் பிணைப்புகளைக் கோடுகளாகவும் மற்ற வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகவும் காட்டும் படத்தை, நான் யூரியாவில்தான் தொடங்குவேன். மீத்தேன், தண்ணீர் எல்லாம் சுலபம்தான். ஆனால் எங்கே தடுக்கும் என்பதை அவை காட்டுவதில்லை. யூரியா காட்டிவிடும்.

விதி என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். பிணைப்பில் சேரும் அணு தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருக்குமாறு அமைய முயலும். ஹைட்ரஜனுக்கு இரண்டு போதும். இதுதான் எண்ம விதி.

படி 1: எண்ணுங்கள். யூரியாவில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். இணைதிறன் எலக்ட்ரான்கள், அதாவது வெளிக்கூட்டில் இருப்பவை, கார்பனுக்கு 4, ஆக்சிஜனுக்கு 6, ஒரு நைட்ரஜனுக்கு 5, ஒரு ஹைட்ரஜனுக்கு 1. ஆக 4 + 6 + 10 + 4 = 24. இதைத் தாளின் மூலையில் எழுதி வட்டம் போடுங்கள். கடைசி வரை இந்த எண் மாறாது.

படி 2: எலும்புக்கூடு. கார்பன் நடுவில். அதைச் சுற்றி ஆக்சிஜனும் இரண்டு நைட்ரஜன்களும், ஒவ்வொரு நைட்ரஜனோடும் இரண்டு ஹைட்ரஜன். ஹைட்ரஜன் ஒரு கோடுதான் தாங்கும், அதனால் எப்போதும் ஓரத்தில்தான் நிற்கும். மொத்தம் ஏழு கோடுகள். ஒரு கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான் என்றால் 14 செலவு, கையிருப்பு 10.

படி 3: மிச்சத்தைப் பங்கிடுங்கள். ஆக்சிஜனுக்கு ஆறு புள்ளி, நைட்ரஜன்களுக்கு இரண்டிரண்டு. பத்தும் தீர்ந்தது. இப்போது கார்பனைப் பாருங்கள். மூன்று கோடுகள், ஆறு எலக்ட்ரான்கள்தான். இரண்டு குறைகிறது.

இந்த இடத்தில்தான் பாதி வகுப்பு தவறும். போன வாரம் ஒரு மாணவன் கார்பன் பக்கத்தில் அமைதியாக இரண்டு புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தான். “தம்பி, இந்த ரெண்டும் எங்கேருந்து வந்துச்சு?” என்றேன். மூலையில் வட்டம் போட்ட 24-ஐப் பார்த்தான், படத்தை எண்ணினான், 26 வந்தது. சொல்லாமலே ரப்பரை எடுத்தான்.

படி 4: இரட்டைப் பிணைப்பு. புதிதாக எதுவும் வராது, இருப்பதைத்தான் நகர்த்த வேண்டும். ஆக்சிஜனின் தனித்த இணை (பிணைப்பில் சேராத இரண்டு புள்ளிகள்) ஒன்றை இரண்டாவது கோடாக்குங்கள். கார்பனுக்கு எட்டு, ஆக்சிஜனுக்கும் எட்டு, மொத்தம் அதே 24.

படி 5: முறைசார் மின்சுமை. படத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் கணக்கில் வரும் மின்சுமை இது. பூச்சியத்துக்கு நெருக்கமாக வரும் படமே மேல். இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து, அணுவின் மேல் தனியாக இருக்கும் புள்ளிகளையும் அதைத் தொடும் கோடுகளையும் கழியுங்கள். ஆக்சிஜனுக்கு 6 − 4 − 2 = 0. நைட்ரஜனுக்கு 5 − 2 − 3 = 0. கார்பனுக்கும் பூச்சியம். “நைட்ரஜனின் இணையை நகர்த்தினால் என்ன சார்?” என்று கேட்பார்கள், நல்ல கேள்வி. அப்போது நைட்ரஜனில் +1, ஆக்சிஜனில் −1 வரும். அதனால் முதல் படமே முக்கியமானது. ஆனாலும் இரண்டாவது படத்துக்கும் உடனிசைவில் (உண்மையான மூலக்கூறு பல படங்களின் கலவை என்ற கருத்து) சிறு பங்கு உண்டு.

அயனி என்றால் முதல் படியில் மட்டும் ஒரு திருத்தம். எதிர்ச்சுமையைக் கூட்ட வேண்டும், நேர்ச்சுமையைக் கழிக்க வேண்டும். வயலில் யூரியா சிதைந்து அம்மோனியா ஆகும். அதன் தனித்த இணை ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்தால் அம்மோனியம். 5 + 4 − 1 = 8, நான்கு கோடுகளில் முடிந்தது. நெற்பயிரின் வேர் நைட்ரஜனைப் பெரும்பாலும் இந்த உருவில்தான் எடுத்துக்கொள்கிறது.

சரி, எட்டு எங்கே பொய்க்கிறது?

தண்ணீர் கட்டிய சேற்றில் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைப் படிப்படியாகக் குறைக்கும்போது நடுவில் நைட்ரிக் ஆக்சைடு வரும். 5 + 6 = 11. ஒற்றைப்படை. எப்படிப் பங்கிட்டாலும் ஒன்று துணையில்லாமல் நிற்கும். நைட்ரஜனில் ஏழுதான்.

போரான் ட்ரைஃபுளூரைடில் எண்ணிக்கை 24 சரியாக இருக்கும், ஆனால் போரானைச் சுற்றி ஆறுதான். ஒரு ஃபுளூரினிலிருந்து இணையை இழுத்து எட்டாக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் எலக்ட்ரான் கவர்தன்மை மிக அதிகமுள்ள ஃபுளூரினின் தலையில் நேர்ச்சுமை ஏறும். அந்த மூலக்கூறோ அம்மோனியாவைக் கண்டால் அதன் தனித்த இணையைப் பற்றிக்கொள்கிறது. எனவே நான் ஆறோடு விடுவதையே விரும்புகிறேன்.

எட்டைத் தாண்டுவது தனிம அட்டவணையின் மூன்றாம் வரிசையில் இருந்துதான். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடில் சல்ஃபரைச் சுற்றி பன்னிரண்டு. பாஸ்பரஸுக்குப் பென்டாகுளோரைடு உண்டு, நைட்ரஜனுக்கு ட்ரைகுளோரைடோடு சரி. நைட்ரஜன் சிறிய அணு, ஐந்து குளோரின் நெருங்கி நிற்க அங்கே இடமில்லை. ‘டி ஆர்பிட்டால் இருப்பதால்’, அதாவது கூடுதல் எலக்ட்ரான்களுக்கு அங்கே இடம் உண்டு என்ற பழைய விளக்கத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கணக்கீடுகளில் அதன் பங்கு சிறிதாகவே வருகிறது. டிஏபி உரத்தில் உள்ள பாஸ்பேட்டையே நான்கு ஒற்றைக் கோடுகளோடு, எட்டு மீறாமல் வரையலாம். பாடநூல்கள் ஒரு இரட்டைக் கோடு போடும். தேர்வில் அதைப் போடுங்கள், ஆனால் இரண்டிலும் எண்ணிக்கை அதே 32 என்பதை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் இந்தப் புள்ளிகளை 1916-ல் வெளியிட்டார். எட்டைவிட இரண்டு, அதாவது இணை, அடிப்படையானது என்பதே அவர் கருத்து. ஆனால் இந்த ‘இணை’ என்ற கருத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறை வரையுங்கள். 12 எலக்ட்ரான், இரட்டைப் பிணைப்பு, இரு பக்கமும் எட்டு, எல்லாம் இணையாக. குறை சொல்லவே இடமில்லாத படம். ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு நடுவில் ஊற்றினால் அங்கேயே ஒட்டி நிற்கும், ஏனென்றால் அதில் இரண்டு எலக்ட்ரான்கள் இணை சேராமல் இருக்கின்றன. புள்ளிப் படம் இதைச் சொல்லாது, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் பரவியிருப்பதாகப் பார்க்கும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு ஒன்று: நைட்ரஸ் ஆக்சைடு. நம் வயலில் இருந்து கிளம்பும் வாயுதான். நடுவில் நைட்ரஜன், ஒரு பக்கம் இன்னொரு நைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். எலக்ட்ரான் 16. எட்டு மீறாமல் மூன்று படங்கள் வரும். முறைசார் மின்சுமையைப் போட்டு எது மேல் என்று பாருங்கள்.