கிளம்பிய பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தானா? வீடும் பள்ளியும் சேர்ந்து செய்யும் முறை

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மூன்று நாள் பள்ளிக்கே போகவில்லை. தினமும் யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பினான். சாயங்காலம் டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வந்தது. நான்காம் நாள் வகுப்பாசிரியர் போனில், "பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா சார்?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நண்பன் கையில் கொடுத்தனுப்பிய லீவ் லெட்டரில் என் கையெழுத்து, அசலைவிட அழகாக!

நாங்கள் அவன் பள்ளியில் இருப்பதாக நினைத்தோம், பள்ளியில் அவன் வீட்டில் இருப்பதாக நினைத்தார்கள். அதற்கப்புறம் நாங்கள் செய்தவை இவை.

படி 1: நம்பர்

வகுப்பாசிரியரிடம் அப்பா, அம்மா இருவர் நம்பரும் இருக்கட்டும். பிள்ளையைவிட்டு எழுதி அனுப்பாமல் நீங்களே நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப் இதற்கு உதவாது. குட்மார்னிங் படங்களுக்கு நடுவே முக்கியமான செய்தி புதைந்துபோகும்.

படி 2: பத்து மணிக் கணக்கு

லீவ் என்றால் பெற்றோர் 9 மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பிள்ளை வரவில்லை என்றால் 10 மணிக்குள் பள்ளியிலிருந்து போன் வர வேண்டும். ஆசிரியருக்கு வேலை அதிகம், உண்மைதான். அலுவலகத்தில் ஒருவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டால்கூடப் போதும். லெட்டரை மட்டும் நம்பக் கூடாது என்பது என் அனுபவம்.

இந்த ஏற்பாட்டைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனாகக் கண்டுபிடித்தால் வேவு பார்க்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

படி 3: வழியை நடந்து பாருங்கள்

என் மகன் போகாததற்குக் காரணம் பாடம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பெரிய பையன்கள் இரண்டு பேர் தினமும் காசு கேட்டிருக்கிறார்கள். பள்ளி கேட்டுக்கு வெளியே, வீட்டுக்கும் தூரம். யார் பொறுப்பிலும் இல்லாத இடம் அது.

பள்ளி விடும் நேரத்தில் ஒரு ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் அந்த வழியை நடந்து பாருங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடம், விளக்கில்லாத சந்து, பெட்டிக்கடை என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். விற்றால் தலைமையாசிரியரும் பெற்றோரும் சேர்ந்தே புகார் எழுதுங்கள்.

பைக்கில் வரும் பிள்ளைகளையும் எண்ணுங்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

படி 4: பிள்ளை வாய் திறந்தால்

முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். "நீ ஏன் அங்கே போனே?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். போனைப் பிடுங்கி வைக்கவும் வேண்டாம். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் "நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்" என்று பள்ளி சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது. 1098 எந்நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண். தமிழகப் பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற எண்ணும் உண்டு.

படி 5: கூட்டத்தில் கேளுங்கள்

அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். படி 2-ஐயும் 3-ஐயும் அங்கே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள், மதிப்பெண் பேச்சு தொடங்குவதற்கு முன்பே.

கடைசியாக ஒரு சோதனை

நிஜமாகவே லீவ் போட வேண்டிய ஒரு நாளில், வேண்டுமென்றே பள்ளிக்குச் சொல்லாமல் இருந்து பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை போன் வந்தது 11.40-க்கு. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னோம். அடுத்த மாதம் 9.50-க்கே வந்துவிட்டது.