சினை நிற்காத பசுவுக்கு 21 நாள் பச்சிலை

மூன்று தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் பசு சினை நிற்கவில்லையா, கசாப்புக்காரரைக் கூப்பிட்டுவிடுவார்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்தில். கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் என் பேச்சு.

முதலில் மாட்டின் பிறப்புறுப்பில் வடிகிற ஒழுக்கைப் பாருங்கள். பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அது கண்ணாடி மாதிரி தெளிவாக, அறுபடாமல் தொங்கும். வெள்ளையாகவோ சீழ் கலந்தோ நாற்றத்தோடு வந்தால் கருப்பையில் கோளாறு. இலை தழையை விட்டுவிட்டு கால்நடை இலாகா டாக்டரைக் கூப்பிடுங்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருக்கிற மாட்டுக்கும் மருந்து அப்புறம், தீனி முதலில். செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரையில் மேய்கிற புல் மட்டும் பத்தாது, புண்ணாக்கும் தாது உப்பும் வேண்டும். களைக்கொல்லி அடித்த நிரைப் பக்கம் மாட்டை விடவே கூடாது.

இதெல்லாம் சரி, மாடு சினையாகவும் இல்லை என்று தெரிந்தால், பருவம் கண்ட முதல் நாளோ இரண்டாம் நாளோ தொடங்குங்கள். தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபு வைத்திய மையம் சொல்லித்தரும் முறை இது. தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி, 5 நாள். அடுத்த 4 நாள் தினம் ஒரு மடல் சோற்றுக்கற்றாழை. பிறகு முருங்கைக்கீரை நாலு கைப்பிடி, 4 நாள். அதன்பின் பிரண்டை, அதுவும் நாலு கைப்பிடி, 4 நாள். கடைசி 4 நாள் நாலு கைப்பிடி கறிவேப்பிலையோடு மஞ்சள். எல்லாமே பச்சையாக, அன்றன்றைக்குப் பறித்தது, வெல்லமும் உப்பும் சேர்த்து நாளைக்கு ஒரு வேளை. வெல்லம் கிடைக்காவிட்டால் நான் கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) தட்டிப் போடுவேன். மாடு குறை சொன்னதில்லை. முள்ளங்கியைத் தவிர மற்றதெல்லாம் லயத்து வீட்டு வேலியோரமே இருக்கும். பிரண்டை நறுக்கும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிப்பு ராத்திரி வரை விடாது.

21 நாள் முடியும்போது அடுத்த பருவம் வரும். அதைத் தவறவிட்டால் தின்ற மருந்தெல்லாம் வீண். என்னைக் கேட்டால், சினை நிற்காததில் பாதி வழக்கு இந்த நேரக் கணக்கில்தான். விடியற்காலையில் தொழுவத்துக்குப் போங்கள். மற்ற மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்கிறதே, அதற்குத்தான் பருவம். ஏறுகிற மாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாலடி மயிர் கலைந்து, முதுகில் சேறு ஒட்டியிருக்கும். காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. ஊசிக்காரருக்கு அப்போதே போன் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் சீக்கிரம்.

வாலில் ரத்தம் தெரிந்தால் பருவம் முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதைச் சினை நின்ற அடையாளம் என்றும் சொல்வார்கள், நிற்காத அடையாளம் என்றும் சொல்வார்கள், இரண்டுமே இல்லை. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், அடுத்த பருவத்துக்கு இன்னும் பதினெட்டு, பத்தொன்பது நாள் இருக்கிறது.