முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் கடிதம் கேளுங்கள்

வெளிநாட்டில் படிக்கப் போயிருப்பவர்கள், ஓரியண்டேஷன் வாரத்தின் (புது மாணவர்களுக்கான அறிமுக வாரம்) முதல் நாளே பல்கலைக்கழகப் போர்ட்டலில் இப்போது தங்கியிருக்கும் அறையின் முகவரியைப் போட்டுவிடுங்கள். நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றுக் கடிதத்தை அதற்குப் பிறகு கேளுங்கள்.

வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். பகிர்ந்து தங்கும் வீட்டில் கரன்ட் பில் வேறு யார் பெயரிலாவது இருக்கும். அந்த இடத்தில் பல நாடுகளில் கைகொடுப்பது இந்தப் பல்கலைக்கழகக் கடிதம்தான். போர்ட்டலில் என்ன இருக்கிறதோ அதுதான் கடிதத்தில் அச்சாகும். சொந்த ஊர் முகவரியோடு வந்த கடிதத்தை வங்கியில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், மறுபடி மாணவர் அலுவலக வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வாரத்து வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

போர்ட்டலில் பெரும்பாலும் நிரந்தர முகவரி, படிப்புக்கால முகவரி என இரண்டு கட்டங்கள் இருக்கும். மாற்ற வேண்டியது இரண்டாவதை. அறை எண்ணை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் வங்கியின் பெயரையும் கடிதத்தில் போடுகின்றன, அதனால் எந்த வங்கி என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

தற்காலிக விடுதியில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஏடிஎம் கார்டு தபாலில் வருவதற்குள் நீங்கள் அறை மாறியிருப்பீர்கள். ஜெர்மனியில் இந்த வழி உதவாது. அங்கே வீட்டு உரிமையாளர் தரும் உறுதிப் படிவத்தோடு நகர அலுவலகத்தில் பதிவு செய்து வாங்கும் சான்றுதான் முகவரிக்கு ஆதாரம்.