டிராலிக் கம்பு டிராம்: புதிதாக ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராமின் கூரையிலிருந்து நீண்டு, தெருவுக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பது டிராலிக் கம்பு. அந்த மேல்கம்பியில் இருப்பது 550, 600 வோல்ட் நேர்மின்னோட்டம் (DC). அதன் அருகே போகாதீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள், இங்கே அது வேண்டாம். கீழே இருப்பவை பயிற்சி முடித்தவர்களும் செய்கிறவை.

கம்பை முன்னால் நீட்டியபடி வண்டியைப் பின்னே நகர்த்துவது

டிராலிக் கம்பு வண்டிக்குப் பின்னால்தான் இழுபட்டு வர வேண்டும். அடியிலுள்ள வில் அதை மேலே தூக்கி, நுனியிலிருக்கும் பள்ளச் சக்கரத்தை (அல்லது கார்பன் பதித்த ஷூவை) கம்பியின் அடியில் சுமார் பத்துக் கிலோ விசையோடு அழுத்துகிறது. சக்கரத்தைக் கம்பியில் நிறுத்துவது பள்ளத்தின் விளிம்பு மட்டுமே. வேறு பூட்டு எதுவும் இல்லை. இழுபடும்போது சக்கரம் தானாக நேராகும். தள்ளினால் சின்னக் கோணலும் பெரிதாகும்.

இரண்டு கம்பிகள் சேரும் ஃபிராக் அடுத்த ஆபத்து. முன்னே போகையில் சேரும் இடம், பின்னே வருகையில் பிரியும் இடம். வண்டி தண்டவாளத்தோடு ஒரு பக்கம், கம்பின் சக்கரம் மறு பக்கம் போய்விடும். நழுவிய கம்பு விசையோடு மேலே எழும்பும். இழுபட்டு வரும் கம்பானால், மேல்கம்பியைத் தாங்கும் குறுக்குக் கம்பியில் இடித்து வழுக்கிவிட வாய்ப்புண்டு. முன்னே நீட்டிய கம்பு அதில் செருகிக்கொள்ளும், வண்டியோ உடனே நிற்காது. கம்பு வளையும், அடித்தளம் பிய்யும், இல்லையென்றால் மேல்கம்பியே தெருவில் விழும். அந்தப் பகுதியில் ஓடும் எல்லா வண்டிகளும் நிற்கும். இத்தனையும் "பத்தடிதானே" என்ற சோம்பலால்!

கொல்கத்தாவில் முனையங்களில் வண்டி திரும்ப வளையப் பாதை இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இங்கிலாந்தின் கிரிச் அருங்காட்சியகத்தில் ஓடுவதைப் போன்ற இருமுனை வண்டிகளில் (இரு முனையிலிருந்தும் ஓட்டக்கூடியவை) திசை மாறும் ஒவ்வொரு முறையும் கம்பைத் திருப்பியாக வேண்டும்:

ஃபிராக்கையும் செக்‌ஷன் இன்சுலேட்டரையும் (மேல்கம்பியைப் பகுதிகளாகப் பிரிக்கும், மின்சாரம் பாயாத துண்டு) விட்டு விலகி, நேரான இடத்தில் நிறுத்துங்கள். கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி) பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பிரேக் போடுங்கள். விளக்கு, கம்ப்ரசர் எல்லாவற்றையும் அணையுங்கள், இல்லாவிட்டால் கம்பை எடுக்கும்போது பொறி பறந்து கம்பியைத் தின்னும். கம்பின் நுனி குறுக்குக் கம்பிகளுக்குக் கீழே வரும்வரை அதில் கட்டிய கயிற்றை இழுத்து, போக்குவரத்து இல்லாத பக்கமாகச் சுற்றி நடங்கள். கண் நுனியிலேயே இருக்கட்டும். மெதுவாக ஏற்றிவிட்டு, விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரவில் கைவிளக்கு இல்லாமல் இறங்காதீர்கள்.

பின்னே நகர்த்துவதைத் தவிர்க்கவே முடியாவிட்டால், நேர்க்கம்பியில் மட்டும், நடை வேகத்தில், ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி. ஃபிராக்கைத் தாண்டவே கூடாது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது

கம்பு நழுவினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

செக்‌ஷன் இன்சுலேட்டரில் மின்சாரம் எடுப்பது

கன்ட்ரோலரை முன்கூட்டியே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஓடும் வேகத்திலேயே கடந்துவிடுங்கள். மின்சாரம் எடுத்தபடி போனால் தீப்பொறி இன்சுலேட்டரைச் சுட்டுவிடும். அதற்கடியிலேயே நின்றுவிட்டாலோ, யாராவது தள்ளித்தான் நகர வேண்டும்.

பான்டோகிராஃபுக்குக் கட்டிய கம்பியை நம்புவது

அந்தக் கம்பி, பான்டோகிராஃபின் (கம்புக்குப் பதிலாகக் கூரைமேல் மடங்கி விரியும் சட்டம்) கார்பன் பட்டை சீராகத் தேய்வதற்காக வேண்டுமென்றே வளைந்து வளைந்து போகும். அதன் ஃபிராக்கிலும் உங்கள் சக்கரத்துக்கு வழியிருக்காது. ஓட்டும் முன் கேளுங்கள்.

மணலை அள்ளிக் கொட்டுவது

மின்சாரம் திரும்பிப் போவது வண்டிச் சக்கரம், தண்டவாளம் வழியாக. சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் கொட்டும் மணல் மெத்தையாகச் சேர்ந்தால் அந்த வழி அடைபடும். மின்சாரம் இருந்தும் வண்டி நகராது, உடற்பகுதி முழுக்க மேல்கம்பியின் வோல்டேஜுக்கு ஏறக்கூடும். அந்த நிலையில் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் வைத்து இறங்காதீர்கள். பயணிகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குள்ளிருந்து மெயின் சுவிட்சை அணையுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் எதையும் பிடிக்காமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதியுங்கள். உலர்ந்த கயிற்றால் கம்பைக் கீழிறக்கிய பிறகுதான் மணலைச் சுரண்ட வேண்டும்.